கீழே வைத்த கத்தி

என் தங்கையின் கணவரை என் பெரியப்பா மகன் வயிற்றில் குத்தியது என்னுடைய கத்தியால். அந்தக் கத்தியை நான் வாங்கிய கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் எங்கள் சொந்தபந்தம் முழுக்கப் பேச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது. குத்தியதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கத்தி சரியில்லை, அதை வாங்கியவன் சரியில்லை என்றுதான் இன்றுவரை பேசுகிறார்கள்.

எனக்கு மதுரையில் கார் சீட் கவர் தைக்கும் கடை. வீடு திருநகரில். காலையிலிருந்து ரெக்சின் அறுப்பதுதான் பிழைப்பு என்பதால் கூர்மை இல்லாத எதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. மொன்னைக் கத்தியால் தக்காளியை நசுக்கும் என் மனைவியிடம் நான் போட்ட சண்டைகள் தெருவுக்கே தெரியும். கோபக்காரன் என்று எனக்குப் பெயர். எங்கள் வீட்டில் கோபக்காரன் என்று ஒருவனைத் தனியாகச் சொல்வதே வேடிக்கைதான். பந்தியில் ஈரல் வறுவல் ஒரு வரிசைக்கு வரவில்லை என்று கல்யாண மண்டபத்தின் நாற்காலிகளை எல்லாம் உடைத்த பரம்பரை நாங்கள். அன்று ஒரு நாற்காலி என் முதுகிலும் விழுந்தது. யார் எறிந்தது என்று இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்களுக்குள் காதுகுத்து, மொட்டை என்றால் கிடா வெட்டு உண்டு. கிடா வெட்டு என்றால் தோல் உரிக்க நான்தான். ஓட்டை விழாமல், சதை ஒட்டாமல், சட்டையைக் கழற்றுகிற மாதிரி உருவி விடுவேன். இதற்கென்று பெரிய கத்தி ஒன்று வைத்திருந்தேன். ஒரு விசேஷத்துக்குப் போகும் வழியில் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். கத்தியைப் பார்த்ததும் ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "யாரப் போடப் போற?" என்றார். ஆடு என்று சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் ஒன்று விழுந்தது. கத்தியும் போயிற்று. அதற்குப் பிறகுதான், சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பாய் கடை இருக்கிறது. பூட்டு, கத்தரிக்கோல், கத்தி என்று சகலமும் அங்கே கிடைக்கும். என் கடைக்குக் கத்தரிக்கோல் சாணை பிடிப்பதும் அவர்தான். மனைவியோடு போனேன். பாய் கண்ணாடிப் பெட்டிக்கு உள்ளிருந்து இரண்டு கத்திகளை எடுத்து விரித்து, ஒன்றை ஒன்று தொடாமல் கண்ணாடியின் மேல் வைத்தார். என் கையில் கொடுக்கவில்லை. கத்தியைக் கையோடு கை கொடுத்தால் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை எந்த வீட்டிலும் சொல்லித் தருவதில்லை. சின்ன வயதில் மறந்துபோய் நீட்டினால் மண்டையில் ஒரு குட்டு விழும், அவ்வளவுதான் பாடம்.

முதல் கத்தி நடுத்தர விலை. கறுப்புப் பிடி, பளபளவென்று அலகு, பார்க்க லட்சணமாகவே இருந்தது. இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலைக்கு ஒரு வெள்ளாட்டுக் குட்டியே வாங்கிவிடலாம். எடுத்ததும் கைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கட்டைவிரலால் தள்ளினால் அலகு எண்ணெயில் வழுக்குவதுபோல் வெளியே வந்து, 'டக்' என்று நின்றது. அந்தச் சத்தத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

பாய் நேர்மையான ஆள். "தம்பி, வெட்டுறதுல பெருசா வித்தியாசம் இல்ல. ரெண்டும் நல்லாத்தான் அறுக்கும். வித்தியாசம் லாக்குலதான்" என்றார். நடுத்தரக் கத்தியை எடுத்து, அலகுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய தகட்டைக் காட்டினார். "இந்தத் தகடுதான் அலகை மடங்காம நிறுத்துது. இழுத்து அறுக்குற வேலைக்கு இது தாராளம். நுனிய வச்சு எதையாச்சும் ஓங்கிக் குத்துனீங்கன்னா தகடு சறுக்கிரும். அலகு மடங்கி உங்க விரல் மேலதான் வந்து விழும். அந்த வெளிநாட்டுக் கத்தி அப்படியில்ல. சொவத்துல குத்துனாலும் அசையாது."

"நான் யாரக் குத்தப் போறேன் பாய்?"

"அல்லா காப்பாத்தணும். விக்கிறவன் சொல்லிறணும்ல."

நான் வெளிநாட்டுக் கத்தியை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தேன். மனைவி அதன் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, செத்த ஆட்ட உரிக்க எதுக்கு இம்புட்டு வெலையில கத்தி? ஆடு என்ன, பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லப் போகுதா?" என்றாள். பாய் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. சிரித்த பிறகு அந்தக் கத்தியை வாங்கினால் வீம்புக்கு வாங்கியதாக ஆகும், வாங்காவிட்டால் பயந்ததாக ஆகும். நடுத்தரக் கத்தியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வீடு வந்து சேரும் வரை மனைவியோடு பேசவில்லை.

அந்தக் கத்தியை நான் திட்டாத நாள் கிடையாது. நன்றாகத்தான் அறுத்தது. ஆனால் விரித்து ஆட்டிப் பார்த்தால் அலகு மயிரிழை அளவு அசையும். கடையில் வேலை இல்லாத நேரங்களில் அதை ஆட்டிப் பார்த்து, அசைகிறது, அசைகிறது என்று புலம்பிக்கொண்டிருப்பேன். அந்த வெளிநாட்டுக் கத்தியின் 'டக்' காதுக்குள்ளேயே இருந்தது. ஒரு நாள் எப்படியும் அதை வாங்கிவிடுவது என்று மனதுக்குள் வைத்திருந்தேன்.

அப்போதுதான் தங்கையின் மூத்த பிள்ளைக்குக் காதுகுத்து வந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி எழுமலைக்குத் தெற்கே, காட்டுக்குள். மாப்பிள்ளை லோடு வண்டி ஓட்டுகிறவர். அதிர்ந்து பேசாத மனிதர். எங்கள் வீட்டில் பெண் எடுத்த பிறகும் அப்படியே இருக்கிறாரே என்று எனக்கு ஆச்சரியம். தாய்மாமன் என்ற முறையில் நான் சீர் வரிசையோடு போய் இறங்கினேன். பெரியப்பா மகனும் என்னோடு வந்தார். எனக்கு மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே அவர் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருப்பது வாடையில் தெரிந்தது.

என் மடியில் வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்தினார்கள். பிள்ளை வீறிட்டு அழுது என் சட்டையெல்லாம் எச்சில். பிறகு கிடாவைக் கொண்டுவந்து நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி சம்மதித்ததாக அர்த்தம். உதறியது. அருவாள் இறங்கியது. ஒரே வெட்டில் தலை தனியாக விழுந்தும், உடம்பு கால்களை உதைத்துக்கொண்டு மண்ணைக் கிளப்பியது. கழுத்திலிருந்து ரத்தம் பீய்ச்சி அடித்து வெட்டியவரின் முழங்கால் வரை நனைத்தது. பூசாரி தலையை எடுத்து வாழை இலையில் சாமிக்கு எதிரில் வைத்தார். அதன் கண்கள் திறந்தே இருந்தன.

உடம்பை வேப்ப மரத்தில் தலைகீழாகக் கட்டி நான் உரிக்கத் தொடங்கினேன். மாப்பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டார். கத்தி மட்டமானதாக இருந்தாலும் தோல் அன்று அழகாக வந்தது. குடலை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு, கை வழுக்குகிறதே என்று நான் கழுவப் போனேன். மாப்பிள்ளை கத்தியை எடுத்துக் கால் கயிற்றை அறுத்து ஆட்டை இறக்கினார். அப்போது அண்ணனின் குரல் கேட்டது.

"தலைய எங்க கொண்டு போறீக?"

எங்கள் பக்கம் காதுகுத்துக் கிடாவின் தலை தாய்மாமனுக்கு. அவர்கள் பக்கம் அது பூசாரிக்கு. சம்பந்தம் பேசும்போது நகை, பாத்திரம் எல்லாம் பேசினார்கள், ஆட்டுத் தலையைப் பேச விட்டுவிட்டார்கள். பூசாரி இலையோடு தலையை மடித்துத் துண்டில் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு கொம்பைப் பிடித்துக்கொண்டார். மறுகொம்பு பூசாரியின் கையில். நியாயப்படி அந்தத் தலை எனக்குச் சேர வேண்டியது. எனக்கோ மூளைக் கறி பிடிக்காது. "விடுங்கண்ணே, எனக்கு வேணாம்" என்றேன். யார் கேட்கிறார்கள்?

மாப்பிள்ளை கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே வந்து, "மச்சான், எங்க சாமிக்கு வழக்கம் அப்படி. தலை பூசாரிக்குத்தான். வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

"தாய்மாமனுக்கு ஒரு தலை குடுக்க வக்கில்லாத எடத்துலயா எங்க பிள்ளையக் குடுத்துருக்கோம்?"

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். "ஆமா, கொண்டாந்த சீருக்கு தலை ஒண்ணுதான் கொறச்சல்" என்று விறகைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் ஆட்டுத் தலையை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் தலையைப் பிடித்தார். அறை விழுந்த சத்தம் கோயிலுக்குள் மோதித் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கரண்டி பறந்தது. கொதிக்கிற உலை கவிழ்ந்து ஒருவர் காலில் கொட்டி அவர் நொண்டிக்கொண்டே அடிக்க வந்தார். என் தோளில் விறகுக் கட்டை விழுந்தது. விறகு வைத்திருந்தவனை நான் மூக்கிலேயே குத்தினேன். அதற்கு இன்றுவரை வருத்தம் இல்லை. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு வண்டிகளுக்குப் பின்னால் ஓடினார்கள். உரித்த ஆடு மண்ணில் கிடந்து மிதிபட்டது. இதில் யாரையும் அடிக்காமல் நின்றவர் மாப்பிள்ளை ஒருவர்தான். அண்ணனுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நின்று இருவரின் அடியையும் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் என் கத்தி விரித்தபடி இருந்தது.

அந்தக் கூட்டத்தில் திறந்த கத்தியோடு ஒருவர் நிற்கிறார், யார் மேலாவது பட்டால் போச்சு. கத்தியை முதலில் அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று நெருங்கிப் போய்க் கையை நீட்டினேன்.

"மாப்ள, கத்திய இங்க குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நெற்றியிலிருந்து ரத்தம் வடிந்து ஒரு கண்ணை மறைத்திருந்தது. கொடுக்கத்தான் வந்தார். கை பாதி தூரம் நீண்டது. அப்புறம், நல்ல வளர்ப்பு, என் கையில் கொடுக்கவில்லை. எங்கள் இருவருக்கும் சண்டை வந்துவிடக் கூடாதே என்று, குனிந்து, பக்கத்தில் இருந்த அம்மிக் கல்லின் மேல் வைத்தார். சுற்றிலும் மண்டை உடைந்துகொண்டிருக்கிறது, அவர் சண்டை வராமல் இருக்கக் கத்தியைக் கீழே வைக்கிறார். நானும் அதே வளர்ப்புதான். அவர் கையை எடுக்கும் வரை காத்திருந்தேன்.

நான் குனிவதற்குள் அண்ணன் எடுத்துவிட்டார்.

எடுத்த வேகத்தில் மாப்பிள்ளையின் வயிற்றில் உடம்புப் பாரம் முழுவதையும் சேர்த்துக் குத்தினார். தங்கை வண்டிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மாப்பிள்ளை மூச்சை விட்டபடி பின்னால் இரண்டடி போய் வேப்ப மரத்தில் சாய்ந்தார். அண்ணன் மறுபடி குத்தக் கையை ஓங்கினார். ஓங்கிய கையிலிருந்து என் முகத்தில் சூடாக ரத்தம் தெறித்தது. மாப்பிள்ளையின் ரத்தம் என்று நினைத்து நான் கத்திவிட்டேன். அது அண்ணனுடையது. கத்தி மடங்கி அவர் விரல்களுக்கு மேல் மூடியிருந்தது. ஆள்காட்டி விரல் தோலில் தொங்கியது. அடுத்த விரலில் எலும்பு தெரிந்தது. வெறியில் அவருக்கு அது தெரியவே இல்லை. குத்த முடியவில்லையே என்று கையைப் பார்த்தார், அப்புறம்தான் அலறினார்.

தங்கை பிள்ளையை யாரிடமோ கொடுத்துவிட்டு ஓடி வந்தாள். அண்ணனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கணவனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வண்டி ஓட்டுகிறவர் என்பதால் வேட்டிக்கு மேல் அகலத் தோல் பெல்ட் கட்டுவது அவர் வழக்கம். கத்தி நுனி பெல்ட்டில் இறங்கி, அதற்கு அந்தப் பக்கம் வயிற்றில் நகக்கண் அளவுக்கு மட்டும் போயிருந்தது. முட்டிய வேகத்தில் தகடு சறுக்கியிருக்கிறது. தங்கை அந்தக் காயத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, ஆழம் இல்லை, ஆழம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார் என்கிறீர்கள்? மாப்பிள்ளைதான், தன் லோடு வண்டியில். அத்தனை பேரும் அவரவர் காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆட்டுத் தலையை ஒரு நாய் துண்டோடு இழுத்துக்கொண்டு போனது. பூசாரி கல்லெறிந்து பார்த்தார், நாய் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் போலீஸ், வழக்கு, இரண்டு குடும்பமும் கோர்ட்டு வாசலில். மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டு, "ஆடு உரிக்கையில கத்தி மடங்கிருச்சு சார்" என்றார். டாக்டர் கத்தியைக் கேட்டார். பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஆட்டிப் பார்த்துவிட்டு, "மட்டமான கத்தி. காச மிச்சம் பிடிக்கிறேன்னு கைய விட்டுட்டீங்க" என்று என்னைத் திட்டினார். ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இன்னொன்று ஒட்டியது, ஆனால் மடங்காது. அந்தக் கத்தியை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன்.

டாக்டரிடம் சொன்ன பொய் எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. முதலில் வெளியாட்களுக்காகச் சொன்னோம். பிறகு எங்களுக்குள்ளேயும் அப்படியே பேச வசதியாக இருந்தது. கொஞ்ச காலத்தில் குத்து என்ற ஒன்றே நடக்கவில்லை என்று ஆகிவிட்டது. பெரியம்மா என்னைப் பார்க்கிற இடத்திலெல்லாம் மூக்கைச் சிந்தினாள். "நல்ல கத்தியா வாங்கிருந்தா எம் புள்ளைக்கு வெரலு இருந்துருக்கும்." அண்ணனும் பந்தியில் உட்கார்ந்து, மீதி விரல்களால் சோற்றை உருட்டிக்கொண்டே, "வாங்குறத நல்லதா வாங்கணும்டா தம்பி" என்று எனக்குப் புத்தி சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எதிர் வரிசையில் மாப்பிள்ளை உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். என் மனைவிகூட மாறிவிட்டாள். "அன்னைக்கு நான் வாய வச்சிருக்கக் கூடாது. அடுத்த விசேஷத்துக்கு அந்த வெளிநாட்டுக் கத்தியவே வாங்கிருங்க" என்றாள். தங்கை மட்டும் கத்திப் பேச்சு வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன மாதம் தங்கையின் இரண்டாவது பிள்ளைக்கு நாள் குறித்தார்கள். அதே கோயில். தலை பூசாரிக்கா, தாய்மாமனுக்கா என்பதை இந்த முறை முன்னாலேயே பேசி, இரண்டு கிடா வெட்டுவது என்று தீர்த்துவிட்டார்கள். தங்கை போன் பண்ணினாள். "அண்ணே, கத்தி வாங்கப் போறியாமே. நானும் வாரேன்." எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான், டவுனுக்கு வந்து நாளாச்சு" என்றாள்.

பாய் கடையில் அதே கண்ணாடிப் பெட்டி. நடந்தது அவருக்கும் தெரியும், ஊர் சொல்கிற விதத்தில். எங்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அன்னைக்கே சொன்னேன்ல தம்பி. என்னாலயும் ஒரு தப்பு, அழுத்திச் சொல்லாம விட்டுட்டேன்" என்று வருத்தப்பட்டார். இரண்டு கத்திகளையும் விரித்துக் கண்ணாடி மேல் வைத்தார். நான் நடுத்தரக் கத்தியைப் பார்க்கக்கூட இல்லை. வெளிநாட்டுக் கத்தியை எடுத்து மடக்கினேன். விரித்தேன். 'டக்'. இத்தனை நாள் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த சத்தம். இனி என்னை எவனும் ஒரு சொல் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

தங்கை என் கையிலிருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாயிடம் கேட்டாள்.

"இது ஓங்கிக் குத்துனா மடங்குமா பாய்?"

"மடங்கவே மடங்காதும்மா" என்றார் பாய், பெருமையாக.

"அது?"

"அது மடங்கும். அதனாலதான் உங்க பெரியண்ணனுக்கு…"

"அப்ப அதக் குடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என்ன தெரியும்? ஊரே என்னையக் காறித் துப்புது. மறுபடியும் அதே கத்தியா?" என்று கடையிலேயே சத்தம் போட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை. "பெரியண்ணனும்தானே விசேஷத்துக்கு வாராரு" என்றாள்.

கையில் இருந்த கத்தியைப் பார்த்தேன். அன்று மனைவி விலையைப் பார்த்துக் கேலி செய்யாமல் இருந்திருந்தால் இதுதான் அம்மிக் கல்லின் மேல் இருந்திருக்கும். பெல்ட்டைத் தாண்டி, பிடி வரைக்கும் போயிருக்கும். பெரியம்மா சொல்வது சரிதான், அண்ணனுக்கு விரல்கள் இருந்திருக்கும். கத்தியை மடக்கிக் கண்ணாடி மேல் வைத்துவிட்டேன்.

தங்கை அந்த நடுத்தரக் கத்தியை எடுத்தாள். விரித்து, நான் செய்வதுபோலவே ஆட்டிப் பார்த்தாள். அசைந்தது. அவளுக்குத் திருப்தி. மடக்கி, என் பக்கம் கையை நீட்டினாள்.

பாய் பதறிவிட்டார். "அம்மா, அம்மா, கையில குடுக்காதீங்க. கீழ வைங்க. அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்ட வந்துரும்."

"கீழ வச்சுத்தான் பாத்தாச்சே பாய்" என்று சொல்லிவிட்டு, அவள் கத்தியை என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டாள்.